பாட்டுக்காரருக்கு ஊர் வேலை எதற்கு?

கேள்வி: அமெரிக்க கன்ட்ரி இசைப் பாடகர் வில்லி நெல்சன், பாட்டை விட்டுவிட்டு, விவசாயிகளுக்கு நிதி, தேர்தல் மேடை, வாக்குரிமைப் பேரணி என்று அலைந்துகொண்டிருக்கிறார். அரசியல் புகுந்தால் பாட்டு கெடும். பாட்டுக்காரர் புகுந்தால் அரசியல் வெறும் கேளிக்கையாகிவிடும். ஒரு நாள் கச்சேரியால் எந்த விவசாயி பிழைத்தார்?
— ஒரு வாசகர், திருவாரூர்

பதில்: ‘பாட்டை விட்டுவிட்டு’ என்று எழுதியிருக்கிறீர்கள். 1933இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆபட் என்னும் சிற்றூரில் பிறந்த அந்த மனிதர், தொண்ணூறு வயதைக் கடந்த பின்னும் புதிய இசைத்தொகுப்புகளை வெளியிட்டுக்கொண்டும், பேருந்தில் ஊர் ஊராகச் சென்று பாடிக்கொண்டும் இருக்கிறார். அவர் எதையும் விட்டுவிடவில்லை.

அரசியல் அவருடைய பாட்டைக் கெடுத்ததா என்பதைப் பாட்டைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். 1961இல் பாட்சி க்ளைன் பாடிய ‘க்ரேஸி’, கைகூடாத காதலின் ஏக்கம். அதே ஆண்டில் ஃபாரன் யங் பாடிய ‘ஹலோ வால்ஸ்’, துணை பிரிந்துபோன வீட்டில் ஒருவன் சுவரோடும் சன்னலோடும் கூரையோடும் பேசுகிற தனிமை. இரண்டையும் எழுதியவர் நெல்சன். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் எழுதிக் குவித்தவற்றில் கொள்கை முழக்கம் என்று சொல்லத்தக்கவை மிகச் சில. பாட்டு திரட்டித் தந்த கூட்டத்தையும் அதன் நம்பிக்கையையும் எந்த வேலைக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்கும் இடத்தில்தான் அவருடைய அரசியல் இருக்கிறது. பாட்டின் வரிகளில் அதைத் தேடினால் கிடைக்காது.

விவசாயத்தின் மீதான அக்கறை அவருக்கு மேடையில் பிறந்ததும் அன்று. சிறுவயதில் கூலிக்குப் பருத்தி எடுத்தவர். பின்னாளில் டென்னசியின் ரிட்ஜ்டாப்பில் பன்றி வளர்த்துக் கையைச் சுட்டுக்கொண்டவர். (பாட்டு வியாபாரத்திலும் அவர் பெரிய சமர்த்தர் அல்லர்: ‘ஃபேமிலி பைபிள்’ என்ற தம் பாட்டை 50 டாலருக்கு விற்றுவிட்டார்.)

1980களில் அமெரிக்கக் கிராமங்களில் நடந்ததை நினைவுபடுத்திக்கொண்டால்தான் நீங்கள் சொல்லும் அந்த ‘ஒரு நாள் கச்சேரி’யின் பொருள் விளங்கும். 1970களில் தானிய ஏற்றுமதி பெருகியபோது, வேளாண்மைத் துறைச் செயலராக இருந்த ஏர்ல் பட்ஸ், வேலி ஓரம் வரை விதையுங்கள் என்று விவசாயிகளுக்குச் சொன்னார்; வங்கிகள் கடனை அள்ளிக் கொடுத்தன; ஏறிக்கொண்டே போன நிலத்தின் விலையை நம்பி விவசாயிகளும் வாங்கினார்கள். பணவீக்கத்தை அடக்க மத்திய வங்கி இறங்கியதும் வட்டி பாய்ந்தது. 1980 டிசம்பரில் வங்கிகளின் அடிப்படை வட்டி விகிதம் 21.5 சதவீதத்தைத் தொட்டது. அதே ஆண்டின் தொடக்கத்தில் சோவியத் ஒன்றியத்துக்குத் தானியம் விற்க அதிபர் கார்ட்டர் தடை விதித்திருந்தார். (இந்தக் கார்ட்டரின் வெள்ளை மாளிகையில் பாடியவர் நெல்சன், நண்பர் என்பதால் வயலில் விழுந்த அடி இலேசாகிவிடாது.) ஐயோவா மாநிலத்தில் சில ஆண்டுகளுக்குள் நிலத்தின் விலை பாதிக்கும் கீழே விழுந்தது. அடமானம் வைத்த நிலம் கடனுக்கு ஈடாகாத நிலை வந்தபோது, ஜப்தியும் ஏலமும் வீட்டு வாசலுக்கு வந்தன.

1985 ஜூலை 13 அன்று, எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக நடந்த ‘லைவ் எய்ட்’ நிதிக் கச்சேரி மேடையில், திரட்டும் பணத்தில் ஒரு சிறு பகுதியைக் கொண்டு அமெரிக்க விவசாயிகளின் அடமானக் கடனையும் அடைக்கலாமே என்ற பொருளில் பாடகர் பாப் டிலன் பேசினார். பட்டினியால் சாகிறவர்களுக்கான மேடையில் அது பொருந்தாப் பேச்சு என்று பலர் முகம் சுளித்தார்கள். எனக்கும் அது அங்கே சொல்லத்தக்கதாகத் தோன்றவில்லை. நெல்சன் அந்த விவாதத்தில் நேரத்தைச் செலவிடாமல், நீல் யங், ஜான் மெலன்கேம்ப் என்ற பாடகர்களையும் சேர்த்துக்கொண்டு, பத்தே வாரங்களில், செப்டம்பர் 22 அன்று, இலினாய்ஸின் ஷாம்பெய்ன் நகரில் ‘ஃபார்ம் எய்ட்’ என்ற பெயரில் தனிக் கச்சேரியையே நடத்திவிட்டார். ஏறத்தாழ 80,000 பேர் வந்தார்கள்.

‘ஒரு நாள் கச்சேரி’ என்று நீங்கள் சொல்வது இதுவாக இருந்தால், அது நாற்பது ஆண்டுகளாக முடியாத நாள். ஃபார்ம் எய்ட் நிலையான அமைப்பாகி இதுவரை 8 கோடி டாலருக்கு மேல் திரட்டியிருக்கிறது. பாடுகிறவர்கள் ஊதியம் வாங்குவதில்லை. நெருக்கடியில் இருக்கும் விவசாயி அழைத்தால், கடன் ஆலோசகரையோ வழக்கறிஞரையோ மனநல உதவியையோ காட்டிவிட ஒரு தொலைபேசிச் சேவை இயங்குகிறது. நெல்சனும் மெலன்கேம்ப்பும் விவசாயிகளை அழைத்துக்கொண்டு நாடாளுமன்றத்துக்குச் சென்று சாட்சியம் அளிக்க வைத்தார்கள். அதன் பிறகு நிறைவேறிய 1987ஆம் ஆண்டின் வேளாண் கடன் சட்டம், ஜப்தி செய்வதைவிடக் கடனை மாற்றியமைப்பது செலவு குறைவு என்றால் மாற்றியமைக்கவே வேண்டும் என்று விதித்தது. அந்தச் சட்டம் பாடகர்களால் மட்டும் வந்ததன்று. பல ஆண்டுகள் தெருவில் போராடிய விவசாய அமைப்புகளுக்கே முதல் உரிமை.

பண்ணைகள் அழிவது நின்றதா என்று அடுத்துக் கேட்பீர்கள். நிற்கவில்லை. 1987ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 20.9 லட்சமாக இருந்தவை 2022இல் 19 லட்சம். நடுத்தரப் பண்ணைகள் கண்ட அழிவு இந்த எண்ணிக்கையில் தெரிவதைவிடப் பெரிது. வட்டி விகிதத்தையும் இறைச்சி நிறுவனங்களின் ஆதிக்கத்தையும் கித்தார் மாற்றிவிடும் என்று நெல்சனும் எண்ணியிருக்க மாட்டார்.

உங்கள் பக்கம் நியாயம் இருக்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். 2018இல் டெக்சாஸ் செனட் தேர்தலில் டெட் க்ரூஸை எதிர்த்து நின்ற பெட்டோ ஓரூர்க்குக்காக ஆஸ்டினில் நடந்த கூட்டத்தில், பிடிக்காதவர்களை வாக்களித்து வெளியேற்றுங்கள் என்ற ஒரு புதிய பாட்டை அவர் பாடினார். ரசிகர்கள் சிலர் கோபித்துக்கொண்டார்கள், ஓரூர்க் தோற்றார். மேடை ஏறியதில் எனக்குக் குறையில்லை. பாட்டுதான் மட்டம், சுவரோடு பேசத் தெரிந்த கவிஞர் அங்கே சுவரொட்டி எழுதினார்.

ஆனால் ‘கேளிக்கை’ என்ற சொல்லை மட்டும் நான் ஏற்க மாட்டேன். 2025 செப்டம்பரில் ஃபார்ம் எய்ட்டின் நாற்பதாம் ஆண்டுக் கச்சேரி மினியாபொலிஸில், மினசோட்டா பல்கலைக்கழக அரங்கில் நடக்க இருந்த நேரத்தில், பல்கலைக்கழகத் தொழிலாளர்கள் ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். தம் பாடகர்களும் மேடைப் பணியாளர்களும் தொழிலாளர்களின் மறியலைத் தாண்டி உள்ளே வர மாட்டார்கள் என்று ஃபார்ம் எய்ட் அறிவித்தது. கச்சேரியே நின்றுபோகும் நிலை. சில நாட்களில் உடன்பாடு ஏற்பட்டு வேலைநிறுத்தம் முடிந்தது. 20ஆம் தேதி, 92 வயது நெல்சன் அந்த அரங்கில் பாடினார்.