திரிபலா கழுவலும் திராடகமும் மகளின் கண்ணாடியைக் கழற்றுமா?

பதினான்கு வயது மகளுக்குக் கிட்டப்பார்வை. திரிபலா நீரில் கண் கழுவி, திராடகம் (விளக்குச் சுடர் போன்ற ஒரு புள்ளியை இமைக்காமல் உற்றுப் பார்க்கும் யோகப் பயிற்சி) செய்தால் கண்ணாடி போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகாது. கிட்டப்பார்வையில் பெரும்பாலும் கண்விழி முன்பின்னாக நீண்டுவிடுகிறது. நீண்ட விழியை எந்தக் கழுவலும் பயிற்சியும் சுருக்காது. கண்ணாடியைத் தவிர்க்கவே வேண்டாம்.

கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் சேர்ந்த திரிபலாவை ஆயுர்வேதம் கண்ணுக்கு உகந்ததாகச் சொல்கிறது, சரி. ஆனால் வீட்டில் ஊறவைத்து வடிகட்டிய நீர் கிருமி நீங்கியதல்ல. கண்ணில் விட்டால் தொற்று வரலாம். இதில் தயவுசெய்து துணிய வேண்டாம்.

திராடகம் ஹடயோகத்தின் ஆறு சுத்திகரிப்புக் கிரியைகளில் ஒன்று. மனம் குவியப் பழகலாம், பார்வைக்காக அல்ல. கண் சோர்வுக்கு, 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தொலைவை 20 விநாடி பார்க்கட்டும்.

உண்மையில் உதவுவது வெயில் வெளிச்சம். தினமும் 2 மணி நேரம் வெளியே விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைகிறது. பெண்பிள்ளைகளைத்தான் வயதுக்கு வந்ததும் வீட்டுக்குள் உட்கார வைத்துவிடுகிறோம்! அவளை விளையாட விடுங்கள்.

அப்புறம், கீழ் இமையின் உட்புறம் வெளுத்திருந்தால் இரத்தசோகையாக இருக்கலாம்; மாதவிடாய் தொடங்கிய வயதில் இது சாதாரணமாக வரும். ஹீமோகுளோபின் பரிசோதனை செய்யுங்கள். கண் மையைத் தோழிகளோடு பகிர வேண்டாம்.