மரமில்லாக் காட்டுக்கு மரமேறும் பரணா?

கேள்வி: டெக்சஸில் சான் அன்டோனியோவில் வசிக்கிறேன். நண்பர் ஒருவர் கொட்டூலா அருகே வேட்டைக்காக நிலம் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். காட்டுப்பன்றியும் ஹாவலீனாவும் (பன்றி போலத் தெரியும் ஒரு காட்டு விலங்கு) வில்லால் வேட்டையாட என்னையும் கூப்பிடுகிறார். மரத்தில் ஏறி உட்காரும் பரண் ஒன்று பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அது கிளையில்லாமல் நேராக வளர்ந்த மரத்துக்கான பரண். கொட்டூலா பக்கத்தில் இருப்பது மெஸ்கீட். நம்மூர்ச் சீமைக்கருவேலத்துக்குச் சொந்தக்காரன். அதே கோணல், அதே முள். இடையில் சப்பாத்திக்கள்ளி. இதில் எங்கே ஏறுவீர்கள்?

அங்கே புழங்குவது மரத்தை நம்பாமல் மூன்று காலில் தானாக நிற்கும் முக்காலிப் பரண்தான். அதிலும் ஒரு சிக்கல். பெரும்பாலானவை துப்பாக்கிக்காரருக்காகச் செய்யப்படுபவை. துப்பாக்கியைச் சாய்த்துக்கொள்ளச் சுற்றிலும் கம்பி வைத்திருப்பார்கள். வில்லின் கீழ்முனை அதில் இடித்தால் அம்பு எங்கேயோ போகும். கம்பியைக் கழற்ற முடியுமா, இருக்கை சத்தமில்லாமல் சுழல்கிறதா என்று பாருங்கள். கடைக்காரர் அனுமதித்தால் உங்கள் வில்லையே கொண்டுபோய், அம்பு பூட்டாமல், உட்கார்ந்தபடி பாதி இழுத்துப் பாருங்கள். நாணை மட்டும் வெறுமனே விட்டுவிடாதீர்கள், வில் உடையும்.

எடை வரம்பு பெரும்பாலும் 300 பவுண்டு (சுமார் 136 கிலோ). உங்கள் எடை மட்டுமல்ல. பூட்ஸ், பை, வில் எல்லாம் அதில் அடக்கம். உடல் முழுவதையும் பிடிக்கும் பாதுகாப்பு வார் இல்லாமல் ஏறவே கூடாது. அதை முக்காலியில் எங்கே மாட்டுவது என்பது தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே படியுங்கள். பழைய பரண் என்றால் பற்றவைத்த இடங்களில் துருவைத் தேடுங்கள். வாரை மட்டும் ஒருபோதும் பழையதாக வாங்காதீர்கள். வில்லைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறாமல், மேலே போனபின் கயிற்றில் இழுத்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், முதல் வருடம் பரணே தேவையில்லை. குட்டை மரக்காட்டில் வானத்தைப் பின்னால் வைத்து உட்கார்ந்தால், வில்லை இழுக்கும் அசைவு பளிச்சென்று தெரியும். ஹாவலீனாவுக்குக் கண் மங்கல், மூக்கு கூர்மை. காற்று உங்கள் முகத்தில் அடிக்கும்படி, புதரோரம் ஒரு மறைப்புக் கூடாரம் போட்டு, இருபது கஜத்துக்குள் வரும்வரை காத்திருங்கள். பரணைவிட இது மலிவு. விழுந்து எலும்பு முறியும் பயமும் இல்லை.

உரிமம்: நில உரிமையாளர் அனுமதித்தால், தனியார் நிலத்தில் காட்டுப்பன்றிக்கு 2019 முதல் வேட்டை உரிமம் தேவையில்லை. ஹாவலீனாவுக்குத் தேவை, பன்றி போலத் தெரிந்தாலும் அது பன்றிக் குடும்பமே அல்ல. 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் என்றால் வேட்டைப் பயிற்சி வகுப்பையும் முடித்திருக்க வேண்டும். குத்தகைக்காரரான நண்பர் சொன்னால் போதாது. விருந்தினரை அழைத்து வரலாமா என்று குத்தகைப் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள்.