போல்டரில் முளைத்த அம்புக்குறி

கேள்வி (கொருக்குப்பேட்டை வாசகி): அண்ணா, அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்குப் பத்திரிகை அடிக்க ஒரு பிரவுசிங் சென்டரில் பென் டிரைவைக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லா போல்டரும் ஷார்ட்கட் ஆகிவிட்டது. ஃபார்மேட் செய்வதுதான் வழி என்கிறார்கள். அப்பா படமெல்லாம் அதில்தான் இருக்கிறது.

பதில்: ஃபார்மேட் மட்டும் வேண்டாம் தங்கச்சி. முதலில் பென் டிரைவ் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பாருங்கள். யூஸ்டு ஸ்பேஸ் இரண்டு மூன்று ஜிபி காட்டினால் படங்கள் உள்ளேயேதான் இருக்கின்றன. இந்த வைரஸ் பெரும்பாலும் எதையும் அழிப்பதில்லை. உண்மையான போல்டருக்கு 'ஹிடன்', 'சிஸ்டம்' என்று இரண்டு முத்திரை குத்தி ஒளித்துவிட்டு, அதே பெயரில் அம்புக்குறி போட்ட ஒரு ஷார்ட்கட்டை வைத்துவிடும். அதைத் தொட்டால் வைரஸ்தான் ஓடும். அதனால் அம்புக்குறி உள்ள எதையும் இனி திறக்காதீர்கள். 'சிஸ்டம்' முத்திரை இருப்பதால், மறைந்த ஃபைலைக் காட்டு என்று விண்டோஸிடம் சொன்னாலும் காட்டாது.

ஸ்டார்ட்டில் சி-எம்-டி என்று அடித்து கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறங்கள். பென் டிரைவின் எழுத்து ஜி என்றால், ஆங்கிலத்தில் இப்படி அடியுங்கள்: attrib -h -r -s /s /d g:\*.* (அட்ரிப் என்ற இந்தக் கட்டளையில் t இரண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி.) என்டர் தட்டிவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டையில் என் கடைக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வேலை ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் வரும். விடிவதற்குள் சுவரில் ஒட்டியாக வேண்டும். அப்படி ஒரு ராத்திரி காசிமேட்டுத் தம்பி ஒருவன் பாட்டியின் ஒரே படத்தை இதே கோலத்தில் கொண்டுவந்தான். அட்ரிப் போட்டும் படத்தைக் காணோம். பெயரே இல்லாத ஒரு போல்டர் மட்டும் புதிதாக நின்றது. சில வகை வைரஸ் எல்லாவற்றையும் இப்படிப் பெயரில்லாத போல்டருக்குள் தள்ளிவிடும். திறந்தால், பெரிய பொட்டோடு பாட்டி! பையன் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டான். உங்களுக்கும் அப்படி ஒன்று தெரிந்தால் பயப்படாமல் திறங்கள்.

படங்களை வேறு இடத்தில் காப்பி செய்துகொண்டு ஷார்ட்கட்டுகளை அழியுங்கள். அப்புறம் வீட்டுக் கம்ப்யூட்டரை விண்டோஸ் டிஃபென்டரால் முழு ஸ்கேன் செய்யுங்கள். இல்லையென்றால் அடுத்த பென் டிரைவுக்கும் ஒட்டிக்கொள்ளும். இனி பிரிண்ட் கடைக்கு வேண்டிய ஒரே ஃபைலை மட்டும் தனி பென் டிரைவில் கொண்டுபோங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், போஸ்டரில் முகம் கட்டம் கட்டமாக விழும்.

கேள்வி (ராயபுரம் வாசகர்): 32 ஜிபி பென் டிரைவ் காலியாக இருக்கிறது. 6 ஜிபி கல்யாண வீடியோ ஏறமாட்டேன் என்கிறதே?

பதில்: அது ஃபேட்32 என்ற பழைய சேமிப்பு முறையில் இருக்கும். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொட முடியாது. எத்தனை காலி இடம் இருந்தாலும் சரி. உள்ளே இருப்பதை வெளியே எடுத்துவிட்டு எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். பழைய டிவி சிலது எக்ஸ்ஃபேட்டைப் படிக்காது. டிவியில் போட்டுப் பார்க்கத்தான் என்றால் வீடியோவை இரண்டாக வெட்டுங்கள்.

கேள்வி (வியாசர்பாடி வாசகர்): குரூப் 2 பரீட்சைக்கு அரசியலமைப்புக் குறிப்புகளைச் சேர்க்க சி-ஓ-என் என்று போல்டர் வைத்தால் விண்டோஸ் ஏற்கவில்லை. ஏதோ பேய் வேலை என்கிறான் நண்பன்.

பதில்: பேயெல்லாம் இல்லை தம்பி. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில் அந்த மூன்றெழுத்து கீபோர்டும் திரையும் சேர்ந்த கன்சோலுக்குக் கொடுத்த பெயர். பிரிண்டருக்கு பி-ஆர்-என். பழைய புரோகிராம்களுக்காக விண்டோஸ் அவற்றை இன்னும் ஒதுக்கி வைத்திருக்கிறது. கான்ஸ்டிட்யூஷன் என்று முழுசாக அடியுங்கள், ஏற்றுக்கொள்ளும்.