சின்னப் படகுக்கு ஏன் இத்தனை கூட்டம்?

பாய்ப்படகுப் போட்டி பற்றிக் கொழும்பிலிருந்து வந்த கேள்விகளுக்கு, பொல்கொடை ஏரியில் வெயில் குடித்த ஒருவனின் பதில்கள்.

தெஹிவளை அம்மா: மகனுக்கு 9 வயது. ஒப்டிமிஸ்ட் படகு வெறும் பெட்டி மாதிரி இருக்கிறதே?

பெட்டிதான் அம்மா. 1947இல் புளோரிடாவில் கிளார்க் மில்ஸ் அதை வரைந்தபோது, ஒட்டுப்பலகை வாங்கி வீட்டிலேயே செய்யலாம் என்பதுதான் எண்ணம். அதனால் மூக்கு மொட்டை. நீளம் 2.3 மீற்றர், ஒரு பாய், ஒரு பிள்ளை. கூட ஓடத் துணை தேடி அலைய வேண்டாம். 15 வயதோடு விட்டுவிட வேண்டும் என்பதால் வளர்ந்தவர்களின் படகு சின்னவர்கள் கைக்குப் போய்க்கொண்டே இருக்கும். 2012இல் இத்தாலியின் கார்டா ஏரியில் ஒரே போட்டிக்கு ஆயிரத்துக்கு மேல் ஒப்டிமிஸ்ட்கள் வந்தன!

வெள்ளவத்தை வாசகர்: லேசர் என்ற ஒருவர் ஓட்டும் பாய்ப்படகை விட வேகமான படகுகள் எத்தனையோ. பிறகு ஏன் அது?

வேகம் கரையில் நிற்பவருக்குத்தான் தெரியும். மிதவையைச் சுற்றும்போது பன்னிரண்டு படகுகள் ஒன்றோடொன்று உரசி, "இடம், இடம்!" என்று கத்துவதில் இருக்கிறது றேஸ். எல்லாம் ஒரே அச்சு என்பதால் தோற்றால் படகைத் திட்ட முடியாது. படகின் உடல் ஒன்றே, ஆளின் எடைக்கேற்ப 4.7, 5.7, 7 சதுர மீற்றர் என்று மூன்று பாய்களில் ஒன்றை மாட்டலாம். மெலிந்த பெண்பிள்ளைக்கும் தடித்த மாமாவுக்கும் அதே படகு. 1996இலிருந்து ஒலிம்பிக்கிலும் இருக்கிறது.

மொறட்டுவை மாணவர்: நாங்களே புதிதாக ஒன்றை வடிவமைத்தால்?

தாராளமாக. ஆனால் யாரோடு ஓடுவீர்கள்? வேறு வேறு படகுகள் கலந்தால் ஒவ்வொன்றின் வேகத்துக்கேற்ப நேரத்தைக் கணக்குப்போட்டுத் திருத்த வேண்டும். முதலில் வந்தவர் கல்குலேட்டருக்குப் பிறகு நான்காவதாகிவிடுவார். எனக்கு அது பிடிப்பதேயில்லை.

கொட்டாஞ்சேனை வாசகர்: வெளிநாட்டில் ஒரு நவீன படகு மலிவாகக் கிடைக்கிறது, எடுக்கவா?

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். சுக்கான் பிடி முறிந்தால் புதியது வெளிநாட்டிலிருந்து வரும்வரை ஒரு மாதம் கரையில் குந்தியிருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை கிளப் கரைக்குப் போய் எது அதிகம் நிற்கிறது என்று எண்ணுங்கள், அதையே வாங்குங்கள். பழைய லேசர் என்றால் பாய்மரம் இறங்கும் குழிக்குள் தண்ணீர் ஊற்றிக் கால் மணி நேரம் பாருங்கள். மட்டம் குறைந்தால் கசிவு, விலையும் குறைய வேண்டும்.