மறதி நோய் ஆராய்ச்சியில் அப்பாவைச் சேர்க்கச் சொல்கிறார்கள். சோதனை எலி ஆக்கிவிடுவார்களோ?

சேருங்கள். 'சோதனை எலி' என்பது உங்கள் வார்த்தையாக இருக்காது. வீட்டுக்கு வந்த உறவினர் யாரோ சொல்லியிருப்பார். என் அம்மாவைச் சேர்த்தபோது பெரியப்பா மகனும் இதையேதான் சொன்னார்.

அம்மா புரசைவாக்கத்தில் பூக்கட்டி விற்றவர். பள்ளிக்கூடத்தை மிதித்ததில்லை. முதலில் காட்டிய மருத்துவமனையில் 100-இலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார்கள். ஐங்கோணங்களைப் பார்த்து வரையச் சொன்னார்கள். ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார்கள். பென்சிலே பிடித்தறியாதவர் எதை வரைவார்? மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, நோய் முற்றிவிட்டது என்றார்கள். அன்று மாலைகூட யார் எத்தனை முழம் வாங்கினார்கள், யார் பாக்கி என்று அம்மா பிசகாமல் சொன்னார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை. ஆய்வில் சேர்ந்த இடத்தில்தான் பொறுமையாகத் தமிழில் கேட்டார்கள். முன்பு செய்த எந்த வேலையை இப்போது விட்டுவிட்டார் என்று என்னிடமும் தனியாக விசாரித்தார்கள். ஆரம்ப நிலைதான் என்று தெரிந்தது. படிக்காதவர்களுக்கும் பொருந்தும் இத்தகைய சோதனைமுறையை 10/66 என்ற பன்னாட்டு ஆய்வுக் குழு உருவாக்கியபோது, சென்னையிலும் வேலூர்ப் பக்கக் கிராமங்களிலும் நம் முதியவர்கள் உட்கார்ந்து பதில் சொன்னார்கள்.

அமெரிக்காவில் கறுப்பின முதியவர்களை அல்சைமர் என்னும் மறதி நோய் வெள்ளையரைவிட ஏறத்தாழ இரு மடங்கு தாக்குகிறது. ஆனால் அந்த நோய்க்கான லெக்கானெமாப் மருந்தின் பெரிய சோதனையில் இருந்த 1,795 பேரில் கறுப்பினத்தவர் 3 சதவீதம்கூட இல்லை. அவர்கள் தயங்குவதிலும் நியாயம் உண்டு: அங்கே டஸ்கீகி என்ற ஊரில் 1932 முதல் 1972 வரை, அரசு நடத்திய ஆய்வில், சிபிலிஸ் என்ற பால்வினை நோய் வந்த கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமலே வேடிக்கை பார்த்தார்கள். இந்தியாவில் மட்டும் சுமார் 88 லட்சம் முதியவர்களுக்கு மறதி நோய். நாமும் ஒதுங்கி நின்றால் யார் உடம்புக்கோ அளந்து தைத்த சட்டைதான் நமக்கு வரும்.

மருந்துக் கம்பெனிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். நான் மருத்துவரும் அல்ல. கேள்வி கேட்டு இரத்தம் எடுக்கும் ஆய்வு வேறு, மருந்து கொடுத்துப் பார்க்கும் சோதனை வேறு. எது என்று கேளுங்கள். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வாங்கிப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பிடிக்காவிட்டால் நடுவில் விலகிக்கொள்ளலாம்.

கூடவே வர ஒருவர் வேண்டும் என்பார்கள். அங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் விடுப்புத் தரும் என் அலுவலகம், அம்மாவுக்கு என்றால் முகம் சுளித்தது. அண்ணன்கள் இருவரும் யோசனை மட்டும் சொன்னார்கள். ஆட்டோ பிடித்து ஒருநாளும் வந்ததில்லை. உங்கள் வீட்டில் யார் போவது என்பதை இப்போதே பேசிவிடுங்கள். தயவுசெய்து மனைவி தலையில் கட்டிவிடாதீர்கள்.