புகை வந்தா உடனே இன்ஜின் போர் பண்ணணுமா?

கேள்வி: சார், என்கிட்ட 1989 மாடல் புல்லட் 350 இருக்கு, அப்பா ஓட்டுன வண்டி. ஒரு மாசம் நிறுத்தி வச்சுட்டு ஸ்டார்ட் பண்ணா சைலன்சர்ல நீலப்புகை குப்புனு வருது, கொஞ்ச நேரத்துல நின்னுடுது. காலைல இன்ஜின் சூடாகுற வரைக்கும் டக்கு டக்குனு ஒரு சத்தம் வேற. மெக்கானிக் கேட்ட உடனேயே போர் (பிஸ்டன் ஏறி இறங்குற சிலிண்டர் ஓட்டை) போச்சு, பிஸ்டன் மாத்தணும்னு சொல்லிட்டார். கழட்டலாமா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: அவசரப்பட்டு கழட்டாதீங்க. நீங்க சொல்ற ரெண்டு அறிகுறியும் போர் நல்லா இருக்குற வண்டிலயும் வரும். அந்த பழைய காஸ்ட் அயன் இன்ஜின்ல ஆயில் டேங்க் இன்ஜின் கூட்டுக்குள்ளயே இருக்கு, வண்டி வாரக்கணக்குல நின்னா ஆயில் பம்ப் வழியா கசிஞ்சு கிராங்க் (பிஸ்டனுக்கு கீழ சுத்துற தண்டு) பக்கம் இறங்கிடும், ஸ்டார்ட் பண்ணதும் அதுதான் எரிஞ்சு புகையா வருது. போர் தேஞ்சிருந்தா புகை இப்படி நிக்காது, மேட்டுல த்ராட்டில் குடுத்து இழுக்கும்போதும் வரும், ஆயில் குறையும், பிரீதர் பைப்ல (இன்ஜின் கூட்டுக்குள்ள சேருற காத்து வெளிய போற குழாய்) காத்தும் ஆயிலும் அதிகமா தள்ளும். த்ராட்டிலை மூடி சரிவுல இறங்கி வந்துட்டு திரும்ப திறக்கும்போது மட்டும் வந்தா வால்வ் கைடை (வால்வ் தண்டு ஓடுற குழல்) சந்தேகப்படுங்க.

சத்தத்துக்கு முதல்ல வால்வை தள்ளுற டாப்பெட்டோட இடைவெளியை பாருங்க, செலவே இல்லாத வேலை. அது சரியா இருந்தும் குளிர்ல சத்தம் வந்து சூடானதும் அடங்குச்சுனா பிஸ்டன் தட்டுற சத்தம்தான், ஆனா அலுமினிய பிஸ்டன் இரும்பு பிளாக்கை (சிலிண்டர்) விட அதிகமா விரியும், அதனால குளிர்ல லேசா தட்டுறது இந்த இன்ஜினோட சுபாவம். சூடான பிறகும் தட்டுனாத்தான் விஷயம்.

அப்புறம் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள்ள காத்து அமுங்குற அழுத்தம். டீகம்ப்ரசர் (கிக் பண்ண லேசா இருக்க கம்ப்ரஷனை வெளிய விடுற சின்ன வால்வ்) ஒழுங்கா உக்காருதானு பாத்துட்டு, கிக்கரை கம்ப்ரஷன்ல நிறுத்தி மேல வெயிட் குடுத்து நில்லுங்க. சட்டுனு இறங்குனா ஸ்ஸ்னு சத்தம் எங்க வருதுனு காது குடுங்க. கார்புரேட்டர்ல வந்தா இன்டேக் வால்வ், சைலன்சர்ல வந்தா எக்ஸாஸ்ட் வால்வ், பிரீதர்ல வந்தா பிஸ்டன் ரிங்கும் போரும். கம்ப்ரஷன் கேஜ் இருந்தா த்ராட்டிலை முழுசா திறந்து ஒரு ரீடிங், பிளக் ஓட்டைல ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு இன்னொரு ரீடிங். ரெண்டாவது நல்லா ஏறுச்சுனா அப்ப உங்க மெக்கானிக் சொன்னது சரி.

கேள்வி: நானே பிளாக்கை கழட்டிட்டேன், என்கிட்ட ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்குற மெல்லிசு தகடுகள்) மட்டும்தான் இருக்கு. போர் எவ்வளவு தேஞ்சிருக்குனு எப்படி பாக்குறது? (வாசகர், நாமக்கல்)

பதில்: நல்ல கேள்வி. ஒரு ரிங்கை மட்டும் எடுத்து போருக்குள்ள வச்சு, பிஸ்டன் தலையால தள்ளி நேரா உக்கார வைங்க. முதல்ல அடியில, ரிங் போகாத இடத்துல வச்சு ரிங்கோட ரெண்டு முனைக்கும் நடுவுல உள்ள வாய் இடைவெளியை அளங்க, அங்க தேய்மானம் கிட்டத்தட்ட இருக்காது. அப்புறம் மேல, தேயாம நின்னு விரல்ல தட்டுற விளிம்புக்கு சரியா கீழ வச்சு அளங்க. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14ஆல வகுத்தா விட்டத்துல எவ்வளவு தேஞ்சிருக்குனு வந்துடும், உதாரணமா கீழ 0.30 மேல 0.60னா தேய்மானம் சுமார் 0.10 மில்லிமீட்டர். மேலதான் அதிகம் தேயும், ஏன்னா பிஸ்டன் அங்க ஒரு கணம் நின்னு திரும்புது, ஆயில் படலம் மெலிஞ்சிருக்கும், எரியுற கேஸ் அழுத்தமும் ரிங்கை சுவத்தோட சேத்து அமுக்கும். அந்த விளிம்போடவே புது ரிங் போட்டா மேல் ரிங் அதுல இடிச்சு உடையும், பாத்துக்கோங்க.

ஆனா இந்த கணக்கு போர் முட்டை வடிவமா ஆயிருக்கானு சொல்லாது. பிஸ்டன் முன்னயும் பின்னயும்தான் சுவத்தை அழுத்துது, அதனால அந்த திசையில அதிகம் தேயும். அதுக்கு லேத் பட்டறைல டயல் போர் கேஜ் (உள் விட்டம் அளக்குற கருவி) போட்டு மேல, நடுவுல, கீழனு ரெண்டு திசையிலயும் பாக்கணும். பிஸ்டனை, அதுக்குள்ள போற பிஸ்டன் பின்னுக்கு குறுக்கா, ஸ்கர்ட்ல (பிஸ்டனோட கீழ்ப்பகுதி) மைக்ரோமீட்டர் வச்சு அளக்கணும், பிஸ்டனே சரியான வட்டம் கிடையாது. அதுல வர்ற பெரிய அளவை போர் அளவுல இருந்து கழிச்சா கிளியரன்ஸ், அதாவது பிஸ்டனுக்கும் சுவத்துக்கும் நடுவுல உள்ள இடைவெளி. பட்டறை கணக்குல ஒரு இன்ச் போருக்கு ஒரு தவ் (இன்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு), 70 மில்லிமீட்டர் புல்லட் போருக்கு சுமார் 0.07 மில்லிமீட்டர் வரும், ஆனா பிஸ்டன் டப்பால எண் போட்டிருந்தா அதைத்தான் கேக்கணும். ஃபோர்ஜ்டு பிஸ்டன்னா இன்னும் கொஞ்சம் கூட வேணும்.

புது பிஸ்டன் கையில இல்லாம 0.50 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் (பெருசாக்குன அளவு)னு சொல்லி போர் அடிச்சு வைக்குற பட்டறைல பிளாக்கை குடுக்காதீங்க. ரெண்டு கம்பெனி பிஸ்டன் ஒரே அளவு எழுதியிருந்தாலும் மைக்ரோமீட்டர்ல வேற வேறதான் காட்டும்.

கேள்வி: ஆர்எக்ஸ் 100க்கு போர் பண்ணி பிஸ்டன் போட்டேன், ரன்னிங் இன்லயே (புதுசா மெதுவா ஓட்டிப் பழக்குற காலம்) ஜாம் ஆயிடுச்சு. லேத்காரர் என் ஓட்டத்தை குறை சொல்றார். யாரு தப்பு? (வாசகர், கடலூர்)

பதில்: பிஸ்டனை எடுத்து கோடு எங்க விழுந்திருக்குனு பாருங்க, அதுவே சொல்லிடும். பிஸ்டனை சுத்தி நாலு இடத்துலயும் கீறல்னா கிளியரன்ஸ் பத்தல, இல்ல சூடாகுறதுக்கு முன்னாடியே முறுக்கியிருக்கீங்க. எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும்னா பெட்ரோல் லீனா (காத்துக்கு ஏத்த அளவு இல்லாம கம்மியா) போகுது, இல்ல டூடி (2T, டூ ஸ்ட்ரோக்) ஆயில் கம்மி. சிலிண்டர் சுவத்துல இருக்குற போர்ட் (ஓட்டை) ஓரங்களை போர் பண்ணதுக்கப்புறம் லேத்காரர் மழுக்கினாரானு விரல் விட்டு தடவுங்க, கத்தி மாதிரி இருந்தா ரிங் அதுல மாட்டும். கிளியரன்ஸை அளந்தாத்தான் சண்டை போட முடியும், அதுக்கு முன்னாடி பஞ்சாயத்து வேண்டாம்.

கேள்வி: கெட்டியான ஆயில் ஊத்துனா பிஸ்டன் தட்டுற சத்தம் போயிடுமா? (வாசகர், சேலம்)

பதில்: கொஞ்ச நாளைக்கு அடங்கும், வண்டி விக்கிறவங்களுக்கு இது நல்லாவே தெரியும். ஏர் ஃபில்டரை கழட்டிட்டு ஓட்டுறீங்கனா முதல்ல அதை மாட்டுங்க, தூசி ஆயிலோட சேந்தா போரை அறுக்குற பேஸ்ட்தான்.