மீர்கேட்டிடம் கண்ட கிருமி புது இனமா? – கேள்வி பதில்

நம் தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் மீர்கேட் (தென்னாப்பிரிக்காவில் வாழும் கீரி வகை விலங்கு) காசநோய் பற்றி நான் பேசிய பிறகு நிறையக் கேள்விகள் வந்தன. ஆய்வுக்கூட வேலையில் தெரிந்ததை வைத்துப் பதில் சொல்கிறேன்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து: அக்கா, கலஹாரி பாலைவன மீர்கேட்களிடம் புதுக் கிருமி என்று 2013-இல் அறிவித்தார்கள் என்றீர்கள். எல்லாம் குச்சி மாதிரிதானே இருக்கும்? புதுசு என்று எப்படித் தெரியும்?

மைக்ராஸ்கோப்பில் தெரியாதுதான். நிணநீர்க் கட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சாயம் ஏற்றினால் நீலத்தில் சிவப்புக் குச்சிகள் தெரியும். காசநோய்க் கிருமிகள் அடங்கிய மைக்கோபாக்டீரியம் வகையறா என்பதோடு அது நின்றுவிடும். அப்புறம் முட்டையும் பச்சைச் சாயமும் கலந்த ஊடகத்தில் வளர்க்க வேண்டும். வாரக்கணக்கில் காத்திருந்தால் பச்சைச் சரிவின் மேல் வெளிறிய, சொரசொரப்பான காலனிகள் எழும்பும். அதிலிருந்து டிஎன்ஏ எடுப்போம்.

காசநோய்க் குடும்பத்தில் நாங்கள் முக்கியமாகத் தேடுவது, மரபணுத் தொகுதியில் எந்தத் துண்டு காணாமல் போயிருக்கிறது என்பதைத்தான். இந்தக் குடும்பத்தில் போன துண்டு திரும்பி வருவதில்லை, வழிவழியாக வரும் அத்தனைக்கும் அது இருக்காது. மீர்கேட்டின் மைக்கோபாக்டீரியம் சூரிகாட்டே, போட்ஸ்வானா வரிக்கீரியிடம் 2010-இல் விவரித்த மைக்கோபாக்டீரியம் முங்கி, பாறை இடுக்குகளில் வாழும் டாஸ்ஸி என்ற சிறு விலங்கிடம் 1950-களிலேயே கண்ட கிருமி, மூன்றிலும் மரபணுத் தொகுதியின் ஆர்டி1 என்ற பகுதியில் அதே ஒரு துண்டு காணவில்லை. காசநோய்க்குப் போடும் பிசிஜி தடுப்பூசிக் கிருமி வீரியம் இழந்ததற்கும் ஆர்டி1 போனதுதான் முக்கியக் காரணம். ஆனாலும் இந்த மூன்றும் தத்தம் விலங்குகளைக் கொல்கின்றன! எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது ஆச்சரியமாகவே இருக்கிறது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாணவர்: பாக்டீரியாக்களை அடையாளம் காணப் பயன்படும் 16எஸ் மரபணு, தெரிந்த இனங்களோடு 98.7 சதவீதத்துக்குக் கீழே ஒத்திருந்தால் புது இனம் என்று படித்தோம். இங்கே அது பொருந்துமா?

பொருந்தாது தம்பி. இந்தக் குடும்பத்தில் 16எஸ் எழுத்துக்கு எழுத்து ஒன்றேதான். 16எஸ் பிரித்துக் காட்டாதபோது முழு மரபணுத் தொகுதியை ஒப்பிட வேண்டும். சராசரி ஒற்றுமை 95–96 சதவீதத்துக்கு மேல் போனால் ஒரே இனம் என்பது இன்றைய வழக்கம். இவையோ 99 சதவீதத்தையும் தாண்டி ஒத்துப்போகின்றன. அதனால்தான் எல்லாவற்றையும் மைக்கோபாக்டீரியம் டியூபர்குளோசிஸ் என்ற ஒரே இனமாகவே கொள்ள வேண்டும் என்று 2018-இல் ஒரு முன்மொழிவு வந்தது. கால்நடை மருத்துவர்கள் பலருக்கு அதில் உடன்பாடில்லை. எந்த விலங்கில் பரவும் கிருமி என்று பெயரிலேயே தெரிவது அவர்களுக்கு வசதி. நான் அந்த முன்மொழிவின் பக்கம். இனம் ஒன்று, அதற்குள் வகைகள் என்று வைத்தால் கள வேலையும் நடக்கும், வகைப்பாடும் கெடாது.

லெனேசியாவிலிருந்து: குரூகர் தேசியப் பூங்காச் சிங்கங்களுக்கு வரும் காசநோயும் இதுதானா?

இல்லை அண்ணா. அது மாட்டுக் காசநோய், மைக்கோபாக்டீரியம் போவிஸ். பழைய கிருமி, புது விலங்கு. பண்ணை மாடுகளிலிருந்து காட்டெருமைக்கு வந்தது. குரூகரில் 1990-இல் எருமையில் கண்டார்கள். நோய்ப்பட்ட எருமையைத் தின்ற சிங்கத்துக்கும் போனது.

கேப் டவுனிலிருந்து: டேபிள் மலையில் பிள்ளைகள் டாஸ்ஸி பக்கத்தில் போகிறார்கள். பயப்பட வேண்டுமா?

தள்ளி நின்று பார்ப்பதற்குப் பயம் வேண்டாம். தீனி போட வேண்டாம், தொட வேண்டாம். செத்துக் கிடந்தால் பூங்கா ஊழியரிடம் சொல்லுங்கள். காசநோய் என்றாலே இருமல் என்று நினைக்கிறோம். வரிக்கீரிகளோ சிறுநீராலும் ஆசனவாய்ச் சுரப்பியின் கசிவாலும் இடம் குறிக்கும்போது கிருமியை விட்டுப் போகின்றன. மற்றவை முகரும்போது மூக்கில் உள்ள சிறு காயம் வழியாக அது ஏறுகிறது.

மறுபடியும் மாணவர்: நானே ஒரு புது இனத்தைக் கண்டால் பெயர் வைத்துவிடலாமா?

வைக்கலாம், ஆனால் கட்டுரை எழுதினால் மட்டும் போதாது. வகைமாதிரி விகாரத்தை, அதாவது அந்த இனத்துக்கு அடையாளமாக வைக்கும் கிருமி வளர்ப்பை, உயிரோடு, இரண்டு வெவ்வேறு நாடுகளின் பொதுச் சேமிப்பகங்களில் ஒப்படைக்க வேண்டும். யார் கேட்டாலும் எடுத்து வளர்த்துச் சரிபார்க்க முடிய வேண்டும் என்பதற்காகத்தான். பெயர் லத்தீன் இலக்கணப்படி அமைய வேண்டும், உங்கள் பெயரையே வைக்கக் கூடாது. சரி, வளர்க்கவே முடியாத கிருமி என்றால்? முன்பு 'கேண்டிடேட்டஸ்' என்ற முன்னொட்டோடு தற்காலிகப் பெயர்தான் கிடைத்தது. 2022-இல் வந்த சீக்கோடு (SeqCode) என்ற பெயரிடும் விதிகளில் மரபணுத் தொகுதியையே வகைமாதிரியாகக் காட்டிப் பெயரைப் பதியலாம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: ஒரே ஒரு நோயுற்ற விலங்கின் மாதிரியை வைத்து அவசரப்படாதீர்கள். வேறு விலங்குக் கூட்டங்களிலிருந்தும் விகாரங்கள் சேரட்டும்.